ஐஸ் பெட்டியின் கடைசிச் சரணம்

சுன்னாகம்
20.01.2024

லவீனா,

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை. நீ கைத்தொலைபேசியை கன்னியர் மடத்து வாசலில் உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாய் என்று அறிந்த நாளில், இனி இவளைத் திட்டுவதற்குக்கூட முத்திரை ஒட்ட வேண்டுமே என்று எரிச்சல்தான் வந்தது. ஒட்டுவதில்லை என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். இன்று ஒட்டுகிறேன் என்றால் ஒரு தேவை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கோபம்.

எங்கள் வெங்காயக் கொட்டிலில் மூன்று வருடம் பழகினோம். நான் ட்ரம்ஸ், நிருஷன் கிற்றார், றஜிந்தன் பேஸ், நீ பாட்டு. அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் நேரத்தில் மட்டும்தான் பழகலாம். மண்ணெண்ணெய் மிசின் போடுகிற சத்தத்தில் நாங்கள் போடுகிற சத்தம் அயலுக்குக் கேட்காது. மிசின் நின்றால் நாங்களும் நிற்போம். குழுவுக்குப் பெயர்கூட அந்த மிசினின் இரண்டு அங்குலக் குழாயின் அளவுதான், ‘இரண்டு இஞ்சி’. ஊருக்குத் தெரியாமல் ஒரு ரொக் குழு நடத்துவதென்றால் எங்களுக்கு அதைவிட வேறு வழி இருக்கவில்லை. அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பழகுகிறோம் என்றுதான் அப்பா இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்படி ஒரு சனிக்கிழமை, மிசின் நின்ற பிறகு, சட்டையில் ஒட்டிய வெங்காயத் தோலைத் தட்டிக்கொண்டு நீ சொன்னாய்: “நான் வாற கிழமை மடத்துக்குப் போறன்.” சிஸ்ரர்மாரிடம் கேக் வாங்கப் போகிறாயாக்கும் என்று நினைத்தேன். “எனக்கும் ஒரு துண்டு கொண்டு வா” என்றேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்!

“உவள் வெளிநாட்டு மாப்பிள்ளையோடை போயிருந்தா மாப்பிள்ளையைப் பிடிச்சு ஏசிப் பேசியிருக்கலாம். கடவுளோடையெல்லோ போட்டாள், ஆரைப் பேசிறது?” என்று நிருஷன் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் பேசாவிட்டால் நான் பேசுகிறேன். எனக்கு உன் கடவுள் மேல் பொறாமை. எங்கள் அம்மன் வருடத்தில் ஒரு பொங்கலோடு திருப்திப்படுகிறாள், ஆளைக் கேட்பதில்லை. உன் ஆண்டவருக்கு ஊரில் எத்தனையோ நல்ல குரல்கள் இருக்க, எங்களிடம் இருந்த ஒன்றேதானா வேண்டியிருந்தது?

சரி, தேவைக்கு வருகிறேன். பக்கத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் பிள்ளைகள் மார்ச் மாதத்தில் ஒரு நிகழ்ச்சி வைக்கிறார்கள். மேடை, வெளிச்சம், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் உண்டு. எங்களையும் கேட்டிருக்கிறார்கள். பாடுவதற்கு ஒருத்தி கிடைத்துவிட்டாள். ஆர் என்பது உனக்கு இப்போது வேண்டாம். ‘ஐஸ் பெட்டி’யைத்தான் கடைசியாகப் பாடப்போகிறோம். அதன் கடைசிச் சரணத்தை நீ போகிற கிழமைதான் எழுதினாய். ஒரே ஒருமுறைதான் பாடினாய். ஒருவரும் பதிவு செய்யவில்லை. அது இல்லாமல் பாட்டு பாதி வழியில் நிற்கிறது.

எழுதி அனுப்பு. உனக்கு அங்கே அது தேவைப்படாது.

கஜானி


மடம்
02.02.2024

அன்புள்ள கஜானி,

இறை ஆசீர் உனக்கும் உன் வீட்டாருக்கும் உண்டாவதாக. நான் நலம். இங்கே விடியற்காலையில் செபம், பிறகு பூசை, பிறகு படிப்பு, பின்னேரம் மரக்கறித் தோட்டம். மனம் அமைதியாக இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வரும் கடிதங்களைப் பொறுப்புச் சிஸ்ரர் வாசித்துவிட்டுத்தான் தருவார். நாங்கள் எழுதுவதையும் உறையை ஒட்டாமல் அவரிடம் கொடுக்க வேண்டும். உன் கடிதம் வந்த அன்று என்னைக் கூப்பிட்டார்.

“ஐஸ் பெட்டி எண்டது என்ன பிள்ளை?”

“மீன் வைக்கிற பெட்டி, சிஸ்ரர். அப்பா குருநகரிலை மீன் ஏத்திறவர்.”

“அதைப் பற்றியே பாட்டு?”

“ஓம் சிஸ்ரர்.”

“மீன் வேதாகமத்திலையும் வருகுதுதான்” என்றுவிட்டுக் கடிதத்தை என் கையில் தந்தார். நீ கடவுளைப் பேசிய இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சரணம் தர முடியாது. எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டு வந்தேன், இப்போது அது என்னிடம் இல்லை என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். எழுதிப்போட்டுக் கிழித்தேன். அது பொய். அந்தச் சரணம் ஒரு சொல் குறையாமல் எனக்குள் இருக்கிறது. உடுப்புத் தோய்க்கும்போது வாய்க்குள் பாடுகிறேன். தர எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து நான் எழுதியது அது. எவளோ ஒருத்தியின் வாய்க்குள் போவதற்கு எழுதவில்லை.

இங்கே நான் பாடுவதும் குறைவு. பாடல் பழகும்போது சிஸ்ரர் சொல்வார்: “லவீனா, குரலைக் கொஞ்சம் இறக்கு. மற்றப் பிள்ளையளின்ரை குரலும் ஆண்டவருக்குக் கேக்கட்டும்.” இறக்குகிறேன். இறக்கி இறக்கி இப்போது என் குரல் எனக்கே கேட்பதில்லை. அது நல்லதுதானாம்.

அது கிடக்கட்டும். ஆர் அந்தப் பெட்டை? எந்த ஊர்? ‘மூடியைத் திறவடா’ என்ற இடத்தில் முழுக் குரலில் ஏறுகிறாளா, நைஸாகக் கீழே பாடித் தப்புகிறாளா? மைக்கை வாயில் முட்டுகிற மாதிரிப் பிடிக்கிறாளா? நிருஷன் வாசிக்கும்போது அவன் பக்கம் திரும்பி நிற்கிறாளா? அந்த இடம் நான் நிற்கிற இடம். நான் கேட்பது வெறும் விடுப்புக்குத்தான், ஊர்க்கதை அறிகிற ஆவல். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

எழுது.

லவீனா


சுன்னாகம்
09.02.2024

லவீனா,

விடுப்புக்குத்தானே கேட்டாய், விடுப்பாகவே சொல்கிறேன். நல்ல பெட்டை. நேரத்துக்கு வருவாள். வந்தவுடன் “கஜானி, பசிக்குது” என்று என் அம்மாவின் வடைச் சட்டியைக் காலி செய்வதில்லை. ‘மூடியைத் திறவடா’வில் ஏறுகிறாள், உன்னைவிட ஒரு படி கூட. நிருஷன் பக்கம்தான் நிற்கிறாள். அவனும் “இவள் சொல்வழி கேக்கிறாள்” என்று சந்தோசமாக இருக்கிறான். எரிகிறதா? எரியட்டும். நீ போன பிறகு நான் எரிந்ததில் பாதிகூட இராது.

ஆனால் கொட்டில் போய்விட்டது. மண்ணெண்ணெய் விலை கட்டாது என்று அப்பா மிசினைப் பக்கத்து வீட்டுப் பூரணம் மாமிக்கு விற்றுவிட்டுக் கரண்ட் மோட்டர் போட்டுவிட்டார். போட்ட அன்று என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். “பாத்தியே பிள்ளை, சத்தமே இல்லை!” எனக்கு அழுகை வராத குறை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் வழமை போலத் தொடங்கினோம். முதல் பாட்டு முடியவில்லை, பூரணம் மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். “கஜானி, உங்கை ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதே? பெட்டையொண்டு குழறிற சத்தம் கேக்குது.” மாமி உன்னுடைய குரலை மூன்று வருடம் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

இப்போது திருநெல்வேலியில் றஜிந்தன் வாடகைக்கு இருக்கிற அறையில் பழகுகிறோம். கீழே வீட்டுக்காரர் இருக்கிறார். நான் தலையணைகளை அடிக்கிறேன். பாடுகிறவள் முணுமுணுக்கிறாள். மேடையில் எல்லாம் சரிவரும் என்று நிருஷன் சொல்கிறான்.

சரணத்தை அனுப்பு. நீ துறந்து போனவள்தானே, இதையும் துற.

கஜானி


மடம்
26.02.2024

கஜானி,

நேற்று அம்மா என்னைப் பார்க்க வந்தவ. வாழைப்பழமும் பயத்தம் பணியாரமும் கொண்டு வந்தவ. ஊர்ப் புதினமெல்லாம் சொல்லிப்போட்டு, எழும்பிப் போகிற நேரத்தில் சொன்னா: “உன்ரை தங்கச்சியும் இப்ப நல்ல பக்திப் பிள்ளை. சனிக்கிழமையிலை திருநெல்வேலிக்குப் பாடகர் குழுவுக்குப் போறாள். உன்ரை சிநேகிதி கஜானிதான் பழக்கிறாளாம்.”

எந்தப் பாடகர் குழு கஜானி? சைவக்காரி நீ எந்தக் கோயிலில் பாடகர் குழு பழக்குகிறாய்?

ஜெசிதா! ஊரெல்லாம் தேடி உனக்கு என் தங்கைதானா கிடைத்தாள்? ‘ஆர் என்பது உனக்கு இப்போது வேண்டாம்’ என்று எழுதினாயே, எழுதும்போது கை கூசவில்லையா?

அவளைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? எனக்குக் கொப்பளிப்பான் வந்தபோது வீட்டில் எனக்கு மட்டும் தோடம்பழம் பிழிந்து கொடுத்தார்கள். இவள் அம்மா காணாமல் வந்து என் போர்வைக்குள் படுத்துக் கிடந்து, அந்த வருத்தத்தைத் தனக்கும் தொற்றவைத்துக்கொண்டாள். அப்படிப்பட்டவள். நான் பின்னல் போட்டால் அவளும் பின்னல். நான் முடியை வெட்டினால் அடுத்த நாள் அவள் தலையிலும் கத்திரிக்கோல். நான் இங்கே வந்ததும் என் கட்டிலுக்கு மாறினாள். என் சைக்கிளில் ஓடித் திரிகிறாள். என் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பாலன் பிறந்த நத்தார்ப் பூசைக்குப் போனாளாம். எடுக்கட்டும், நான் விட்டுவிட்டு வந்தவைதானே என்று அவளுக்காகச் செபித்தேன். ஆனால் பாட்டை நான் விட்டுவிட்டு வரவில்லை. அதை ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

நீ அவளை நிறுத்து. இல்லாவிட்டால் நான் நிறுத்துவேன். இது தவக்காலம். தவக்காலத்தில் ஜெசிதா கிற்றார்க்காரரோடு மேடையில் நின்று கத்தப்போகிறாள் என்று அம்மாவுக்கு ஒரு வரி எழுதினால் போதும். வீட்டு வாசல் படலை பூட்டப்படும், உன் குழுவும் படுக்கும். அந்த வரியை எழுதி முடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு சேர்த்து அதையும் சிஸ்ரரிடம் கொடுக்கிறேன்.

இதையெல்லாம் சிஸ்ரர் வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். வாசிக்கட்டும். எனக்குப் பொறாமைதான். நெஞ்சு முழுக்கப் பொறாமைதான்.

லவீனா


சுன்னாகம்
12.03.2024

லவீனா,

உன் அம்மாவுக்கு நீ எழுதியதாகச் சொன்ன கடிதம் வரவில்லை. நானும் ஜெசிதாவை நிறுத்தவில்லை. ஆக, நிகழ்ச்சி நடந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு நீ சந்தோசப்படலாம்.

பலாலி வீதியில் ஒரு மண்டபம். ஆட்கள் நிறைந்து வெளியிலும் நின்றார்கள். நான் குச்சியைத் தூக்கி அடிக்கத் தொடங்கினேன். தொடங்கின உடனேயே ஏதோ பிழை என்று விளங்கிவிட்டது. எதைப் பிடித்துக்கொண்டு அடிப்பது என்று தெரியவில்லை. லவீனா, மூன்று வருடமும் நான் மிசினின் ‘டக் டக்’கின் மேல்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் கைக்குள் தாளம் இருக்கிறது என்று நினைத்து எவ்வளவு எடுப்பாகத் திரிந்தேன்! குழுவின் ட்ரம்மர் நான் இல்லை. அப்பா விற்ற மிசின்தான். மண்டபத்தில் அது இல்லாமல் போக, நான் வெருண்ட மாடு மாதிரி ஓடினேன். நிருஷன் என்னைத் துரத்தினான். றஜிந்தன் இருவரையும் விட்டுவிட்டுத் தன் பாட்டில் போனான். எனக்கு அந்த இரும்புச் சாமான் மேலும் பொறாமை வந்துவிட்டது என்றால் பார்.

இந்தக் கூத்துக்குள் ஒரு ஆள் மட்டும் நிதானமாகப் பாடிக்கொண்டு நின்றாள். ஜெசிதா. கண்ணை மூடினால் நீதான். ‘ஐஸ் பெட்டி’யில் இரண்டாம் சரணம், மூன்றாவது வரி. அந்த இடத்தில் ஜெசிதா இரண்டுமுறை இருமினாள். இருமிவிட்டு மேலே பாடினாள்.

 கொட்டிலில் மிசின் புகை அடித்து நீ இருமுகிற இடம் அது. என் கைத்தொலைபேசியில் இருக்கிற பதிவில் அந்த இருமல் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் அவள் பாடமாக்கினாள். இருமலும் பாட்டில் உள்ளது என்று நினைத்து அதையும் பாடமாக்கியிருக்கிறாள். கொட்டிலில் இருமியபோது புகை என்று நினைத்தோம், றஜிந்தனின் அறையில் முணுமுணுத்துப் பழகியதால் ஒருவரும் கவனிக்கவில்லை. முன்வரிசைப் பொடியள் விட்டார்களா? கொல்லென்று சிரித்துவிட்டு எல்லாரும் சேர்ந்து இருமத் தொடங்கினார்கள். அதன் பிறகும் அவள் பாடினாள். கடைசிச் சரணம் வரவேண்டிய இடத்தில் பாடுவதற்கு ஒன்றும் இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். வெளிச்சத்தை அணைக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள்: “கஜானி அக்கா, அந்த இருமல் பாட்டிலை இல்லையே?” நான் இல்லை என்றேன். 

ஏன் அவளை எடுத்தேன் என்று கேட்டாயல்லவா. உன் கடவுள் என்னிடமிருந்து உன்னை எடுத்தார். நான் உன் வீட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். சரிக்குச் சரி என்று நினைத்தேன். அவளும் ஒரு ஆள் என்பதை நினைக்கவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. அன்று ஸ்பீக்கர் பூட்டிய பொடியன் வந்து கதைத்தான். மிசின் கதையை அவனுக்குச் சொன்னேன். “தாளம் நாசமாப் போச்சுது அக்கா. ஆனா பாட்டு நல்ல பாட்டு. மிசினையும் கொண்டு வாங்கோ, அதையும் சேத்துப் பதிவு செய்வம்” என்றான். பூரணம் மாமி மிசினைத் தருவார். ஜெசிதாதான் வரமாட்டேன் என்கிறாள். எனக்காகக் கேட்கவில்லை, லவீனா. அவள் பாடி முடிப்பதற்கு ஒரு முடிவு கொடு.

கஜானி


மடம்
02.04.2024

கஜானி,

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த பிறகுதான் பதில் எழுத அனுமதி கிடைத்தது.

உன் கடிதத்தை வாசித்து நான் சிரித்தேன். இருமல் வரைக்கும் வாய்விட்டே சிரித்தேன். நல்ல வேலை, அவளால் முடியாது, அது என்னுடைய பாட்டு என்று சந்தோசப்பட்டேன். அவள் மைக்கோடு சும்மா நின்ற இடத்தில்தான் சிரிப்பு நின்றது. அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைச் சிஸ்ரர் அனுப்பவில்லை. “உயிர்ப்புக்குப் பிறகும் இதை அனுப்ப வேணும்போலை இருந்தா வந்து கேள்” என்று தன்னிடமே வைத்துக்கொண்டார். நான் போய்க் கேட்கவில்லை. இனிக் கேட்டும் பிரயோசனமில்லை. ஜெசிதாவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நேற்று இருவரும் இங்கே வந்தார்கள். ஜெசிதா வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். என்னைப் போல முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். மண்டபத்தைப் பற்றி ஏதும் சொல்லி அழுவாளாக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டு சொன்னாள்:

“அக்கா, நானும் இஞ்சை வரப்போறன். சிஸ்ரரோடை கதைச்சிட்டன்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டு பிள்ளையளையும் ஆண்டவர் கேக்கிறார். நான் என்ன புண்ணியம் செய்தனோ” என்றா.

போகிற நேரத்தில் சிஸ்ரர் ஜெசிதாவை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். பாடினாள். முடிந்ததும் சிஸ்ரர் எனக்குச் சொன்னார்: “உன்ரை தங்கச்சிக்கு என்ன அடக்கமான குரல் பிள்ளை! இந்த மடத்துக்கெண்டே வாய்ச்ச குரல்.”

கஜானி, எனக்கு இரவெல்லாம் நித்திரை இல்லை. கட்டிலை எடுத்தாள், சைக்கிளை எடுத்தாள், பாட்டை எடுத்தாள். இதையும் எடுக்க வருகிறாள். அவள் வந்தால் இங்கேயும் அவளே நல்லவளாக இருப்பாள். அவள் குரலை ஒருவரும் இறக்கச் சொல்லமாட்டார்கள். நான் செபத்தில் முழந்தாளில் நிற்கும்போது பக்கத்தில் அவளும் நிற்பாள், என்னைவிட நேராக. பிறகு நான் எங்கே போவது? எல்லாவற்றையும் விட்டுவிட்டு எனக்கே எனக்கென்று ஒருவரிடம் வந்தேன். அவரையும் தங்கையோடு பங்குபோட என்னால் ஏலாது.

கடவுளை எல்லாருக்கும் பொது என்று படிப்பிக்கிறார்கள். நானும் சோதனையில் அப்படித்தான் எழுதினேன்.

சரணம் இது. எடு, கொண்டுபோய் அவளிடம் கொடு:

‘பெட்டிக்கு மேலை நீ, பெட்டிக்குப் பக்கத்திலை நான்,
உருகிறது ஐஸோ, எங்கடை கோவமோ?
மூடியைத் திறக்காதை, குளிர் போயிடும்,
திறக்காமல் விட்டா, மீன் நாறிடும்.’

கடைசி வரியை இரண்டுதரம் பாட வேண்டும். இரண்டாம் தரம் கத்தலாம். பாட்டு இனி அவளுடையது. நிருஷன் பக்கத்து இடமும் அவளுடையது. நீயும் அவளுக்கே அக்காவாக இரு. என்ன வேண்டுமானாலும் கொடுத்து அவளை அங்கேயே வைத்திரு. இங்கே வரவிடாதே.

உறையை ஒட்டாமல் சிஸ்ரரிடம் கொடுக்கப்போகிறேன். இதை வாசித்துவிட்டு, நீ இதற்குத் தோதானவள் இல்லை, வீட்டுக்குப் போ என்று சொன்னாலும் சொல்வார். சொல்லட்டும். மாற்றி எழுத என்னிடம் வேறு கடிதம் இல்லை.

லவீனா


சுன்னாகம்
10.04.2024

அன்புள்ள லவீனா,

உன் கடிதம் முழுதாக வந்து சேர்ந்தது. ஒரு வரியும் வெட்டியிருக்கவில்லை. உறையைப் பசை பூசி வடிவாக ஒட்டியிருந்தார்கள். உன் சிஸ்ரரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

அன்று பின்னேரமே குருநகருக்குப் போனேன். உன் அப்பா வலைக்காரரோடு வெளியில் நின்றார். ஜெசிதா உள்ளே இருந்தாள். மடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான்களைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். நான் சரணத்தை மட்டும் வேறு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாசித்தாள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். வாய்க்குள் மெல்லப் பாடியும் பார்த்தாள்.

பிறகு தாளை மடித்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை உன்னுடையது இல்லை லவீனா. அவள் உன்னைப் போல இல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதலாவதாகக் கண்டேன்.

“கஜானி அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. அக்கா இதை எனக்கு வேணுமெண்டு தந்தவவோ? இல்லாட்டி நான் அங்கை வரக்கூடாதெண்டு தந்தவவோ?”

உன் கடிதம் என் கைப்பைக்குள்தான் இருந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“உனக்கு வேணுமெண்டுதான்” என்றேன். “நீ பாடினா நல்லாயிருக்குமெண்டு அவ எழுதியிருக்கிறா.”

“அப்பிடியே எழுதினவ? அக்காவே?”

“ஓம்.”

அவள் அழுத அழுகையை நீ கண்டிருக்க வேண்டும். இவ்வளவு காலமும் அவள் உன்னிடமிருந்து எடுத்தவையெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான் போல. அழுது முடித்து, மூக்கைச் சீறிவிட்டு, சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டாள். கட்டிலில் பரப்பிக் கிடந்த சாமான்களை நான் நிற்கும்போதே அலுமாரிக்குள் வைத்தாள். மடத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று உன் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாள். உன் அம்மாவுக்குத்தான் முகம் வாடிவிட்டது.

உன் இடத்துக்கு இனி ஒருவரும் வரமாட்டார்கள். நிம்மதியாக முழந்தாளில் நில். ஆனால் அவளுக்கு நான் சொன்ன பொய்யை உண்மையாக்கி நீ ஒரு கடிதம் எழுதிவிடாதே. அவள் அழுதது என் பொய்க்கு. அந்தப் பாவம் எனக்கே எனக்கு மட்டும்தான். அதில் உனக்குப் பங்கு தரமாட்டேன்.

கஜானி